அக்செங்கிர் நகரமாகவிருந்த நாள்

அன்றைக்கு வந்த கோபத்தில் ஊர்த்தலைவர் அசான்குலின் தொப்பியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசியிருப்பாள் புருல்சா. வயசில் பெரியவர் என்கிற மரியாதை ஒன்று குறுக்கே வந்து தொலைத்தது.

அக்செங்கிர் பிரசவ விடுதிக்கு அவள்தான் மூத்த மருத்துவச்சி. கிராமங்களுக்கு இனிப் பிரசவ விடுதி கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. நகரம் என்று பெயர் வாங்கினால் விடுதி தப்பும். இல்லையென்றால் இந்தக் குளிர்காலமே பூட்டுத்தான். அப்புறம் வலி எடுத்தவளைக் கணவாய் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். பனி விழுந்த பிறகு அந்தக் கணவாயை யார் தாண்டுவது!

ஊரும் பழைய ஊர் இல்லை. தையல் கூடம், ரொட்டி ஆலை, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் பஸ் என்று நன்றாகவே வளர்ந்துவிட்டது. ஜனத்தொகையும் தேறும். ஒரு நிபந்தனைதான் உதைத்தது. முக்கால்வாசிக் குடும்பம் சம்பளத்தில் பிழைக்க வேண்டும், ஆடுமாட்டை நம்பி அல்ல. உண்மையும் அதுதான். ஆனால் சம்பளக்காரன் கொல்லையிலும் நாலு ஆடு நிற்குமே! பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அதனால் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஒரே ஒரு நாளுப்பா. நகரமா இல்லையான்னு பாக்கத் தலைநகர் பிஷ்கெக்லேர்ந்து குழு வருது. ஆடு பூரா மலைக்கு ஓட்டிருங்க. ஊருக்குள்ள ஒரு கத்தல் கேட்டுச்சு, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அசான்குல் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார்.

குழு வந்தது. அதன் தலைவர் ஷார்ஷென், தடித்த கண்ணாடிக்காரர். தையல் கூடத்தைப் பார்த்தார், தலையசைத்தார். தார் ரோட்டில் நடந்தார். விடுதியில் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கன்னத்தைக்கூடத் தட்டினார். எங்கும் ஒரு புழுக்கை இல்லை. புருல்சாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"சாப்பாட்டுக்கு ஓட்டல்ல சொல்லியிருக்கு. நூடுல்ஸ்" என்றாள் பெருமையாக.

"நூடுல்ஸா? வந்த விருந்தாளிக்கா?" அசான்குல் பதறிப்போனார். "பச்சைத் தண்ணி குடுத்து அனுப்புன மாதிரி ஆயிருமேம்மா!"

அவள் வாயைத் திறப்பதற்குள், சந்திலிருந்து அவருடைய மகன் ஒரு கொழுத்த செம்மறியை இழுத்து வந்து ஷார்ஷெனின் முன்னால் நிறுத்தினான். அறுப்பதற்கு முன் விருந்தாளி கையேந்தி ஆசி சொல்ல வேண்டுமே. ஷார்ஷெனும் மலையில் பிறந்தவர்தான், மறுப்பாரா? கண்ணை மூடி ஆசி சொல்லி, "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்.

அதோடு விட்டதா? ஊர்த்தலைவர் தெரு ஆடு கொடுத்தால் ரொட்டி ஆலைத் தெரு சும்மா இருக்குமா? அங்கிருந்து ஒன்று. பஸ் டிரைவர் வீட்டிலிருந்து கொம்பு முறுக்கின கிடா ஒன்று. தையல்காரிகள் கூடிப் பிடித்து இழுத்து வந்தது ஒன்று. பாவிகள்! மற்ற ஆட்டையெல்லாம் மலைக்கு அனுப்பிவிட்டு, விருந்தாளிக்கென்று வீட்டுக்கொன்றைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். தெரு பூராவும் ஒரே கத்தல்.

"நாசமாப் போச்சு!" என்று புருல்சா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கத்தலில் அது யார் காதிலும் விழவில்லை.

விருந்து தடபுடலாக நடந்தது. முதல் விருந்தாளிக்குரிய ஆட்டுத்தலை ஷார்ஷெனுக்கு. வழக்கப்படி அதன் காதை அறுத்துப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, அவர் புருல்சாவைப் பாசமாகப் பார்த்தார்.

"அக்கா, இப்படி ஒரு உபசாரத்தை நான் எந்த நகரத்துலயும் பார்த்ததில்ல. இது அருமையான கிராமம். கிராமமாவே இருக்கட்டும், கெடுத்துறாதீங்க."

கைகழுவிவிட்டு அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வண்டி நிறைய இறைச்சிப் பொட்டலத்தோடு குழு கிளம்பியது.

"எவ்வளவு சந்தோசமாப் போறாங்க பாத்தியா!" அசான்குலுக்கு முகமெல்லாம் பல்.

"உங்க மருமகளுக்கு எப்பண்ணே நாள்?"

"ஜனவரியில..."

சொல்லி முடிக்கும்போதே அவர் சிரிப்பு வடிந்தது. கணவாயைப் பார்த்தார். உச்சியில் இப்போதே வெள்ளை தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கசக்கினார்.

"திரும்பக் கூப்பிட்டா வருவாங்களாம்மா?"

"வந்தா? ஆட்ட வெட்டாம இருப்பீங்களா?"

அசான்குல் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டாந்தடவை வர்றவங்களுக்கு ஆடு போதாதேம்மா. குதிரையில்ல வெட்டணும்?"