ரிஸ்கானின் முதுகுத் தூசு

சீல் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சாம்பல் நிறக் கூரைத்தகட்டுத் துண்டைப் பெட்டியோடு சுகாதார அதிகாரி சுகிர்தா தூக்கிக் காட்டியதும் வீரய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடத் தீயணைப்பு வேலையில் அவர் மிதிக்காத அஸ்பெஸ்டஸ் தகடா?

கண்டிக்கு வெளியே இருந்த அந்தச் சிறிய நிலையத்தில் பதினான்கு பேர் கதிரைகளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சூட்டில் தகடு வெடித்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும் என்றார் சுகிர்தா. நெருப்பு அணைந்தாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது. உடைசலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். உடுப்பை அங்கேயே களைந்து பையில் கட்டிவிட வேண்டும்.

"என்ன செய்தாலும் உடுப்பைத் தட்டிப்போடாதேங்கோ. உள்ளுக்குப் போன நார் இருபது, முப்பது வருசம் கழிச்சும் நெஞ்சு வருத்தத்தைக் காட்டும்."

வீரய்யாவின் சிரிப்பு நின்றது.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் எரிந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. கூரைத் தகடுகள் பட்டாசு போல வெடித்துக்கொண்டிருந்தன. அவரும் கூட வேலை செய்த அக்குறணை ரிஸ்கானும் உள்ளே புகுந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பிறகு உடைந்த தகடுகள் மேலேயே உட்கார்ந்து, லயத்து ஆட்கள் கொடுத்த ரொட்டியையும் சம்பலையும் தின்றார்கள். மாப்பிள்ளைக்குப் பவுடர் பூசியது மாதிரி இருக்கிறாய் என்று ரிஸ்கான் அவர் முதுகுத் தூசைப் படபடவென்று தட்டினான். அவரும் அவன் முதுகைத் தட்டினார். வளைவுப் பாதை முழுக்கப் பாட்டும் கும்மாளமுமாகத் திரும்பினார்கள்.

இருபது வருடம், ஒவ்வொரு நெருப்புக்குப் பிறகும் அப்படித்தான். அந்தத் தட்டலில்தான் உயிரோடு திரும்புகிறோம் என்பது உறைக்கும். ரிஸ்கான் ஓய்வுபெற்ற பிறகு அவர் முதுகை யாரும் தட்டியதில்லை.

தேநீர் இடைவேளையில் வீரய்யா போன் எடுத்தார். ரிஸ்கான் பேச்சுக்கு நடுவே இருமினான்.

"எத்தன நாளா இருமுற?"

"ஒரு வருசம் ஈக்கும். வயசு போகுதுதானே மச்சான்."

வீரய்யா காலையில் கேட்டதையெல்லாம் சொன்னார்.

"அப்ப, நான் ஒன்ட முதுகுல தட்டினதெல்லாம்?"

"நானுந்தான் தட்டுனேன். நாளைக்கு வர்றேன். ரெண்டு பேரும் போய் நெஞ்சுப் படம் எடுப்போம்."

எடுத்தார்கள். வீரய்யாவின் நெஞ்சில் குறையொன்றும் தெரியவில்லை. ரிஸ்கானின் நுரையீரலைச் சுற்றிய சவ்வு தடித்திருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கொரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் வீரய்யா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ரிஸ்கான்தான் அவர் கையைப் பிடித்துத் தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துப்போனான்.

இப்போது கிளினிக் நாள் என்றால் வீரய்யா லீவு போட்டுவிடுவார். மருந்து வரிசையில் நின்றபடி, கடுகண்ணாவையில் மரம் விற்கும் மரக்காலை எரிந்தது எந்த வருடம் என்று இருவரும் வாதாடுவார்கள். இன்றுவரை அது முடிவாகவில்லை. இருமல் வந்தால் வீரய்யா பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அடங்கியதும் ரிஸ்கான் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவான்.