தீபாவளி ஆட்கள்

சுதாகரன் அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் நான். இப்போது அந்த அண்ணன் நாக்கில் வர மாட்டேன் என்கிறது. வராமலே போகட்டும்.

டவுனில் பளீல் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஜிம் வைத்திருந்தான் அவன். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய கிளாக்கரின் மூத்த மகன். நம்ம ஆள் ஒருத்தன் டவுனில் போர்டு மாட்டியிருக்கிறான் என்று லயத்து வீடுகளில் எல்லோருக்கும் பெருமை. கேகாலையில் கம்பியூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என்னை, 2007இல் அவன்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தான். அப்போது அவனிடம் இருந்தது பேர் எழுதி வைக்கிற ஒரு கிழிந்த சீ.ஆர். கொப்பி. யாருக்கு மாதம் முடிகிறது, யார் புதுப்பித்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. காசு கட்டாத பயல்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். கட்டியவனைப் பிடித்து இவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்தக் கூத்தையெல்லாம் நான் எக்ஸெல்லுக்குள் அடக்கினேன். ஆளுக்கு ஒரு வரிசை. பேர், அடையாள அட்டை நம்பர், விலாசம், போன் நம்பர், சேர்ந்த தேதி, முடியும் தேதி. தேதி தாண்டினால் கட்டம் தானாகச் சிவப்பாகிவிடும். கடைசியில் 'பண்டிகை' என்று ஒரு தலைப்பும் போட்டேன். சிங்களப் பிள்ளைகளுக்கு அவுருதுப் புத்தாண்டு, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பெருநாள், எங்களுக்குத் தீபாவளி. அந்தந்த நாளில் அந்தந்த ஆட்களை மட்டும் பில்டர் பண்ணி எடுத்து, பேர் போட்டு வாழ்த்து மெசேஜ் அனுப்புவேன். பேர் சொல்லி வாழ்த்தினால் யாருக்குத்தான் பிடிக்காது? பாதியில் நின்றவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். விஜயகலாவின் மூளையைப் பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி அவன் சிரிப்பான்.

என் தம்பி மதுசனை நானேதான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். கித்துல்கல ஆற்றில் வெள்ளைக்காரர்களைப் படகில் கூட்டிப் போகிற வேலைக்கு அவனுக்கு உயிர். அங்கே இருந்தவர்கள், தோளில் பலம் போதாது, உடம்பை ஏற்றிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, பின்னேரம் அந்தப் பால் நாற்றத்தோடேயே ஜிம்முக்கு ஓடி வருவான். மூச்சைப் பிடிக்காதே, விடு என்று நான் மேசையில் இருந்தபடியே கத்துவேன்.

2008இல் நாடு இருந்த நிலைமை தெரியும்தானே. வடக்கில் சண்டை. இங்கே பஸ்ஸில் ஒரு பார்சல் அநாதையாகக் கிடந்தாலும் முதலில் நம்மைத்தான் இறக்குவார்கள். ஆனி மாதம் ஒரு நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில், லயத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. மதுசன் என்று சும்மா கேட்கவில்லை. முழுப் பேர், அடையாள அட்டை நம்பர், லயத்து நம்பர் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஜிம்முக்குப் போகிற எங்கள் லயத்துப் பையன்கள் எல்லோரையும் அதே மாதிரி ஏற்றினார்கள். தமிழ்ப் பையன்கள் எதற்காக உடம்பை ஏற்றுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டுமாம்.

அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். தெரிந்த மனிதர் ஒருவர் இருக்கட்டும் என்று பளீல் நானாவும் கூட வந்தார். பொலிஸ் மாத்தயாவின் மேசையில் ஒரு தாள் கிடந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் என் வேலை எனக்குத் தெரியாதா? நான் போட்ட கட்டங்கள், நான் போட்ட தலைப்புகள். கடைசித் தலைப்பு பண்டிகை. அதன் கீழே தீபாவளி, தீபாவளி, தீபாவளி என்று தாளின் அடி வரைக்கும் போனது. வேறு சொல்லே இல்லை.

அந்த மாத்தயா சிங்களத்தில் அமைதியாகத்தான் பேசினார். ஜிம்முக்கு வருகிற எல்லோருடைய விபரத்தையும்தான் கேட்டோம், உங்கள் ஆள்தான் எங்களுக்கு வேலை வைக்காமல் தேவையானவர்களை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து தந்தார் என்றார். பளீல் நானா தலையைக் குனிந்துகொண்டார். நான் தாளை இன்னொரு தடவை பார்த்தேன். மதுசனுக்கு மேல் வரிசையில் இருக்க வேண்டியவன் சுதாகரனின் சொந்தத் தம்பி. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பதிந்தவளே நான்தான். அவனுக்கும் தீபாவளிதான். தாளில் அவனைக் காணோம்.

அங்கிருந்து நேரே ஜிம்முக்குப் போய்ப் படியேறினேன். அவன் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரு பேரையுந்தானே கேட்டாங்க. அப்படியே குடுத்திருக்கலாமே. எதுக்கு நம்மள மட்டும் பிரிச்சீங்க?"

ஜிம்மை மூடிவிடுவார்கள் என்று பயந்துவிட்டானாம். முதலாளிமார் பிள்ளைகள், பெரிய இடத்துப் பிள்ளைகள் வருகிற இடமாம், அவர்களையும் இழுத்துவிட்டால் நாளைக்கு ஒருத்தரும் வாசற்படி மிதிக்க மாட்டார்களாம். நம்ம பையன்களை விசாரித்துவிட்டு இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள், இதற்குப் போய் ஏன் கத்துகிறாய் என்று என்னையே கேட்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

"ரெண்டு நாளுன்னா ஒங்க தம்பியும் போயிட்டு வந்திருக்கலாமே, அண்ணே."

நான் அவனை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. சாவியை மேசையில் வீசிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இருந்த ஆத்திரத்தில் அந்த எக்ஸெல்லை அழித்துவிட்டு வரத் தோன்றவில்லை.

மற்றப் பையன்கள் ஒவ்வொருவராக வீடு வந்து சேர்ந்தார்கள். மதுசன் வரவில்லை. அவன் சட்டைப் பையில் படகில் வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் கொடுத்த விலாச அட்டை இருந்ததாம். வெளிநாட்டுத் தொடர்பு என்று கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் இன்னொருத்தரைக் கைகாட்டினார்கள். லயத்தில் சிலர், அந்தத் தலைப்பைப் போட்டதே நீதானே என்று என்னிடமே சொன்னார்கள். ஆமாம், போட்டேன். வாழ்த்துச் சொல்லப் போட்டேன். ஆளைப் பிடித்துக் கொடுக்கவா போட்டேன்?

பிடித்துக்கொண்டு போன அன்று மதுசனின் போன் வீட்டில்தான் கிடந்தது. அம்மா அதை ஒரு நாளும் அணைய விட்டதில்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான், எங்கிருந்தாலும் அதற்குத்தான் எடுப்பான் என்பது அவள் நம்பிக்கை. தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போனாலும் மடியில் கட்டிக்கொண்டுதான் போவாள். அப்படியே ஐப்பசியும் வந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

தீபாவளி அன்று எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தப் போன் சத்தம் போட்டது. அம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"தம்பிதான், பாருடி. என்ன சொல்றான்னு பாரு."

மெசேஜ். 'அன்பின் மதுசன், உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்.' கீழே ஜிம்மின் பேர். நான் எழுதிக் கொடுத்த அதே வசனம், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. என் இடத்துக்கு வந்த பிள்ளை தீபாவளி ஆட்களைப் பில்டர் பண்ணி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். அந்த வரிசையில் என் தம்பி இன்னும் இருக்கிறான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு வரவில்லை.

"தம்பி இல்லம்மா. தீபாவளி வாழ்த்து. அவனைக் காட்டிக் குடுத்தவன் அனுப்பியிருக்கான்."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தாள். உள்ளே போய் மறுபடியும் சார்ஜில் போட்டாள்.