என் தலைவலிக்கு நானே போட்ட கண்ணாடி

மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாள் தலைவலி வந்தது. வந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். கதவைத் தட்டாமல் நுழைந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. தலையைச் சட்டென்று திருப்பினால் உள்ளே மின்சாரம் அடித்ததுபோல் சுருக்கென்றது.

மனச்சோர்வுக்காக மூன்று வருடம் சாப்பிட்ட மாத்திரை அது. "நிறுத்தணும்னு தோணினா எங்கிட்ட சொல்லுங்க, மெதுவா குறைக்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். பிறகு ஒரு காலை, பிரார்த்தனையின் நடுவில், "என்னைக் குணப்படுத்திவிட்டாய், நன்றி" என்று கடவுளுக்குச் சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை மேசை இழுப்பறையின் மூலையில் தள்ளினேன். அவர் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். நான்தான் அதற்குள் எழுந்து போய்விட்டேன்.

மச்சானின் கண்ணாடிக் கடையில் எனக்கு இருபது வருட வேலை. தலைவலி என்று யார் வந்தாலும் கண்ணாடியை மாற்றச் சொல்வேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். எதிரே எழுத்துப் பலகை. இருபது வருடத்தில் அது எனக்கு மனப்பாடம். எந்த லென்ஸைப் போட்டாலும் கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். எல்லா லென்ஸும் பிரமாதம். வலி மட்டும் அப்படியே இருந்தது.

"இதோட மூணாவது கண்ணாடி, மாமா" என்றான் மச்சான். "இந்த மாசம் நமக்கு நீங்கதான் பெரிய கஸ்டமர்."

"புதுசு. பழகணும்டா."

பதினாறாம் நாள் கேக்குக்காரம்மா வந்தார். பக்கத்துத் தெரு பேக்கரியில் கேக்கின் மேல் பெயரும் வாழ்த்தும் எழுதுகிறவர். எட்டு நாளைக்கு முன் நான்தான் அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளே தலை வலிக்கிறது என்று வந்தார். ஒரு வாரம் போட்டால் பழகிவிடும் என்று அனுப்பிவிட்டேன். இப்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி. திறந்து காட்டினார். 'வாழ்த்துகள்' என்ற சொல் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் கேக்கின் ஓரத்துக்குப் போயிருந்தது.

"வாங்கினவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க, தம்பி. திங்கக்கிழமையிலேருந்து என்னைத் தட்டு கழுவற இடத்துக்கு மாத்தறாங்க. எழுத வேற பொண்ணு வருது."

"கண்ணாடி போட்டும் இப்படியா, அக்கா?"

"கண்ணாடிய நான் குத்தம் சொல்லல. நீங்க பழகச் சொன்னீங்க, கழட்டாம போட்டிருக்கேன். என் தலைதான் பழக மாட்டேங்குது."

கண்ணாடியை வாங்கி அளக்கும் கருவியில் வைத்தேன். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக இருக்க வேண்டும். அதற்காகப் பேனாவால் ஒரு புள்ளி வைப்போம். வலது லென்ஸின் மையம் நான்கு மில்லிமீட்டர் மூக்கின் பக்கம் தள்ளி இருந்தது. புள்ளி வைத்தவன் நான். வைத்த நேரத்தில் தலைக்குள் சுருக்கென்றதும் நினைவிருக்கிறது. புள்ளியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கத்தான் தோன்றவில்லை.

உடனே ஒரு நல்ல யோசனை வந்தது. கெட்ட காரியத்துக்கு எனக்கு நல்ல யோசனைகள் தாமதமில்லாமல் வரும். 'உங்களுக்காக லென்ஸை இலவசமாக மாற்றித் தருகிறேன்' என்று சொல்லிவிட்டால் தப்பும் மறையும், புண்ணியவான் என்ற பெயரும் கிடைக்கும். அவர் மட்டும் தன் தலையைத் திட்டிக்கொண்டே தட்டு கழுவப் போவார்.

நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டு அவர் பையைத் துழாவி ஒரு சின்னத் தைல டப்பாவை எடுத்தார்.

"உங்களுக்குமா? இந்தாங்க, தேச்சுக்கோங்க. பாவம், நாள் பூரா அடுத்தவங்க கண்ணையே பாக்கறீங்க."

அதற்கு மேல் முடியவில்லை. "உங்க தலைமேல தப்பே இல்லக்கா. புள்ளிய நான்தான் தப்பா வெச்சேன். ஒரு மாத்திரைய நிறுத்திட்டேன், அதுலேருந்து தலை சரியில்ல."

"என்ன மாத்திரை?"

"மனசுக்கு."

அவர் முகம் மாறவில்லை. "யாரக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கல."

"கேக்குல ஒரு எழுத்த மாத்தணும்னாக்கூட நான் ஆர்டர் குடுத்தவங்களைக் கேப்பேன், தம்பி. எடுங்க போன. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

எடுத்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "திரும்பினா சுருக்குன்னு இருக்கா?"

"எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?"

"அதுக்குத்தான் படிச்சேன். திடீர்னு நிறுத்தினா சிலருக்கு இப்படி வரும். நீங்களா எதையும் ஆரம்பிக்கவும் வேண்டாம். அட்டையோட சாயங்காலம் வாங்க. வண்டி ஓட்டாதீங்க. வீட்ல சொல்லிட்டு வாங்க."

வீட்டில் சொன்னேன். மறுமுனையில் மனைவி, அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "அட்டைய நான் எடுத்துட்டு நேரா டாக்டர்கிட்ட வந்துடறேன். அதுவரைக்கும் வேற எதையும் நிறுத்தித் தொலைக்காதீங்க" என்றாள்.

புது லென்ஸை வெட்டக் கை நீட்டினேன். "நீங்க தொடாதீங்க, மாமா" என்று மச்சான் பிடுங்கிக்கொண்டான். அவன் முடித்ததும் நானும் அக்காவும் பேக்கரிக்கு நடந்தோம். போகிற வழியில் நாலு வாக்கியம் யோசித்து வைத்தேன். எதிலும் மாத்திரை வரவில்லை.

பேக்கரி முதலாளி, கேக் வாங்க வந்தவர்கள் மத்தியில் நின்றிருந்தார். "இவங்க கண்ணாடில இருந்த தப்பு எங்க கடையோடது" என்றேன்.

"இருபது வருஷக் கைனு இந்தம்மா பெருமையா சொன்னாங்களே. உங்களுக்கு என்ன சார் ஆச்சு?" என்று உரக்கக் கேட்டார்.

ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். யோசித்து வைத்த நாலு வாக்கியமும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை. "மனசுக்குச் சாப்பிட்ட மருந்த டாக்டரக் கேக்காம நிறுத்திட்டேன். அதுல கை தப்பிடுச்சு. இவங்க எழுத்துல ஒரு கோளாறும் இல்ல."

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு ஒரு கேக்கை அக்காவின் முன்னால் நகர்த்தினார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். வரி நேராக நின்றது. "திங்கக்கிழமை எப்பவும்போல வாங்க" என்று முதலாளி அவரிடம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "டாக்டர் எத்தன மணிக்கு?"

"அஞ்சுக்கு. பஸ்ல போயிடுவேன்."

"இந்தத் தலையோட எதுக்கு பஸ்? அந்தப் பக்கம் கேக் குடுக்கப் போறேன். ஏறுங்க."

அக்கா எழுதிய கேக்கை என் மடியில் வைத்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முதலாளி வண்டியை உருட்டுவதுபோல் மெதுவாக ஓட்டினார். அது கேக்குக்காகவா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை.