மாப்பிள்ளை பரீட்சைக்குப் போன கதை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஒரு ரயில் நிலையத்தின் இரண்டாம் நடைமேடையில், பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாற்பது நிமிடம் பேசியதை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் விரித்த செய்தித்தாள், ஆனால் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. "வீட்டிலேயே இருங்க" என்று மனைவி சொல்லிவிட்டுப் போனதை மீறி வந்திருந்தார். யாரிடமாவது பேசாவிட்டால் வெடித்துவிடுவார் போலிருந்தது. நான் காது கொடுத்தேன்.

முதலில் இப்படி எழுதத் தொடங்கினேன்:

வானம் மூட்டமாக இருந்த ஒரு காலையில், தனிமையில் வாடிய ஒரு பெண் தன் நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு

நிறுத்திவிட்டேன். வானம் அன்று பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கோ தனிமையில் வாட நேரம் கிடையாது. அவர் மெக்கானிக்கின் மனைவி. துணி திருத்தித் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறார். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, போன வருடச் சட்டையை இந்த வருடத் தொப்பைக்கு ஏற்றபடி பிரித்துத் தைப்பது. ஒரு மெஷின், ஒரு மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அவ்வளவுதான் கடை.

2

கடைக்கு வருகிறவர்களில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உண்டு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். (இவர் கதையில் இந்த இடத்தில் மட்டும்தான் நேரில் வருகிறார். ஆனால் இவர் இல்லையென்றால் கதையே இல்லை.) எத்தனையோ பேருடைய கழுத்து வலி அவர் விரலுக்குக் கட்டுப்படும். ஆனாலும் வெளியே போக வேண்டுமென்றால் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மச்சான் தங்கமான மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம். "இவருக்கு ஒரு இன்ச் குறைச்சிடுங்க" என்று அளவையும் அவரே சொல்லிவிடுவார்.

ஒருநாள் மச்சான் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பிசியோதெரபிஸ்ட் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, ஒரு தடவையாவது நான் தனியா வந்து, என் பேன்ட் எவ்வளவு நீளம் வேணும்னு நானே சொல்லணும். வழிகாட்டி நாய் கேட்டு எழுதிப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. குட்டிங்க இருக்காம். வளர்த்துக் குடுக்கத்தான் ஆள் இல்லையாம்."

அடுத்த வாரமே தையல்காரர், அதாவது மெக்கானிக்கின் மனைவி, வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளிக்குப் போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வருடம் வீட்டில் வளர்க்க வேண்டும். பேருந்து, வங்கி, கடைத்தெரு என்று கூட்டமுள்ள இடமெல்லாம் அழைத்துப்போய்ப் பழக்க வேண்டும். பிறகு பரீட்சை. தேறினால் பள்ளியில் மேற்பயிற்சி, அதன்பின் பார்வையற்ற ஒருவருக்குத் துணை. (அந்த ஒருவர் பிசியோதெரபிஸ்டாகவே இருப்பார் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. காத்திருப்போர் வரிசை ஒரு ஆள் நகரும், அவ்வளவே. தையல்காரருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இருந்திருக்காது.)

குட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே போய் சோபாவில் ஏறி உட்கார்ந்து, இன்னும் யாரும் உபசரிக்கவில்லையே என்பதுபோல் பார்த்ததாம். மெக்கானிக் அந்த நிமிடமே பெயர் வைத்துவிட்டார், மாப்பிள்ளை என்று.

3

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு குறைதான். எல்லோரையும் பிடிக்கும். தெருவில் இறங்கினால் தேர்தலில் நிற்கிறவர் மாதிரி ஒருவரையும் விடாமல் நலம் விசாரிக்கும். வழிகாட்டி நாய்க்கு இது ஆகாது. ஒருவரைச் சாலையைக் கடக்க அழைத்துப் போகும்போது எதிரே வருகிறவரிடம் குசலம் விசாரிக்கப் போனால் என்ன ஆவது?

அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மெக்கானிக் தெருமுனையிலிருந்து தெரியாத ஆள்போல் வருவார். ஒருநாள் தொப்பி, ஒருநாள் குடை, ஒருநாள் ஒட்டுத்தாடி. குட்டி அவரைக் கண்டுகொள்ளாமல் போகப் பழக வேண்டும். இவ்வளவு பழக்கியும் முதல் பரீட்சையில் மாப்பிள்ளை ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேரிடம் ஓடியது. பள்ளியிலிருந்து வந்த பரிசோதகரம்மாவுக்குத் தலை சுற்றியது.

"வீட்ல எப்படிப் பழக்குனீங்க?"

"இவர்தான் மேடம், தெரியாத ஆள் மாதிரி வருவார்."

"வந்து?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கண்டுபிடிச்சிடும் மேடம். ஹெல்மெட் போட்டுட்டு வந்தாக்கூடக் கண்டுபிடிச்சிடும். அவ்வளவு அறிவு. அதுக்காக ஒரு தட்டு தட்டிக் குடுப்பேன்."

பரிசோதகர் குறிப்பேட்டை மூடினார். "அப்ப அது என்ன கத்துக்கிட்டிருக்கு தெரியுமா? ரோட்ல போற ஒவ்வொருத்தரும் வேஷம் போட்ட நீங்கதான்னு."

இதை என்னிடம் சொல்லும்போது மெக்கானிக் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு பரீட்சை. அதிலும் தவறினால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே அவர் குட்டியைத் தொடவே இல்லை.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுதுகிறவனின் கெட்ட புத்தி.

ஆனால் அவளுடைய மனதின் ஒரு மூலையில், குட்டி தேறாமல் போய்விட்டால் நம்மோடேயே இருந்துவிடுமே என்ற ஓர் ஆசை

இந்த வாக்கியத்தை எழுதி முடித்திருந்தால் எத்தனை பேர் பாராட்டியிருப்பீர்கள். மனித மனத்தின் ஆழம் என்றிருப்பீர்கள். ஆனால் நான் மெக்கானிக்கிடம் கேட்டே பார்த்துவிட்டேன்.

"எனக்கு அந்த ஆசை உண்டு சார்," என்றார். "அவகிட்ட ஒரு தடவை வாய் விட்டுட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழ வச்சுட்டு சொன்னா, 'நாம ஒரு மாசம் அழுவோம், அப்புறம் சரியாப் போயிடும். அவர் பொறந்ததுலருந்து அடுத்தவங்க தோளைப் பிடிச்சுட்டு நடக்கறாருங்க.' சொல்லிட்டு இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துட்டா."

நல்லவர்களை எழுத எனக்கு எப்போதும் பயம். அழுக்கு எங்கே என்று பேனா தேடிக்கொண்டே இருக்கும். தையல்காரரிடம் அது தேடிக் களைத்துவிட்டது. வெளியே குட்டியை ஒரு முறைகூடக் கொஞ்சாதவர், வீடு திரும்பி அதன் நீலப் பயிற்சி மேலங்கியைக் கழற்றியதும் தரையில் உட்கார்ந்து முகம் முழுக்க நக்கக் கொடுப்பாராம். இவரை வியந்து எழுதினால் கதை கெட்டுவிடும் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். கெடட்டும்.

5

இரண்டாவது பரீட்சை அன்றுதான், முதலாம் நடைமேடையில் நடப்பதாக ஏற்பாடு. தூரத்திலிருந்து முதுகையாவது பார்க்கலாம் என்றுதான் மெக்கானிக் இரண்டாவதில் உட்கார்ந்திருந்தார். ஆனால் முதலாவதில் திடீரென்று கூட்டம் கொள்ளாமல் போகவே, பரிசோதகர் கையைக் காட்ட, தையல்காரரும் மாப்பிள்ளையும் மேம்பாலம் ஏறி எங்கள் பக்கமே இறங்கினார்கள். மெக்கானிக் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

விதிகள் இரண்டு. (அவர் சொல்லித்தான் தெரியும்.) கயிறு தொய்வாகவே இருக்க வேண்டும், இழுக்கக் கூடாது. எந்தக் கட்டளையையும் ஒரு முறைதான் சொல்லலாம்.

அவர்கள் நடந்து வந்த அழகை நான் எழுதத்தான் வேண்டும். உருளும் பெட்டிகள், பிஸ்கட் தின்னும் குழந்தை, தரையைக் கழுவும் இயந்திரம், "ஐயோ, எவ்வளவு அழகு" என்று குனிந்த ஒரு பெண்மணி. எல்லாவற்றையும் கடந்து குட்டி நடந்தது. காதுகள் மட்டும் துடித்தன. கயிறு தையல்காரரின் விரல்களிலிருந்து தளர்ந்து தொங்கியது. ஒரு வருடத்துக்கும் மேலான உழைப்பு முழுக்க அந்தத் தொய்வில் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கலங்கியது.

எங்கள் பெஞ்சுக்கு வந்ததும் குட்டி நின்றது. மெக்கானிக்கின் காலணியை முகர்ந்தது. அதில் கிரீஸ் வாசனை. தையல்காரர் அந்தக் காலணியைப் பார்த்தார், செய்தித்தாளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பத்தடி பின்னால் பரிசோதகர் பேனாவைத் திறந்தபடி நின்றார்.

"நட," என்றார் தையல்காரர். ஒரே முறை.

மாப்பிள்ளையின் வால் பெஞ்சின் காலில் தட் தட்டென்று அடித்தது. மெக்கானிக் அசையவில்லை. தாளுக்குப் பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. விரல் முட்டிகள் வெளுத்திருந்ததை மட்டும் பார்த்தேன். குட்டி காத்திருந்தது. ஒரு தட்டு வரும் என்று எதிர்பார்த்தது. வரவில்லை. மூன்று மாதம் அவர் தன் கையை அடக்கி வைத்திருந்தது அந்தக் கணத்துக்காகத்தான் போலும். கடைசியில் குட்டி அவரிடமிருந்து மூக்கை எடுத்துவிட்டது.

எடுத்துத் திரும்பியபோது, பெஞ்சில் இன்னோர் ஆள் இருப்பதைக் கண்டது.

6

எனக்கு இரண்டு முடிவுகள் தெரியும்.

ஒன்றில் மாப்பிள்ளை நடந்து போய்விடுகிறது. தாளுக்குப் பின்னால் ஒரு மனிதர் சத்தமில்லாமல் அழுகிறார். சில மாதம் கழித்து ஒருவர், யாரோ ஒருவர், தன்னந்தனியாக ஒரு கடைக்குள் நுழைகிறார்.

மற்றதில் அது என் மடியில் தாவுகிறது. பரிசோதகர் பேனாவை மூடுகிறார். மெக்கானிக்குக்குக் குட்டி வீட்டோடு கிடைத்துவிடுகிறது. அதைச் சந்தோஷம் என்று அவரால் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

இரண்டுக்கும் நடுவே இருந்தது என் கை. அது முழங்காலின் மேல் இருந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருந்தேன், விதிகளும் தெரியும். ஆனால் ஒரு நாய்க்குட்டி அத்தனை நட்போடு முகத்தை நிமிர்த்திப் பார்க்கும்போது, கை தானாகவே

இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதி ஏழு முறை அடித்துவிட்டேன். என்னால் ஆகாது. நான் எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.

பெஞ்சு இன்னும் சூடாக இருக்கிறது. பக்கத்தில் மெக்கானிக் மூச்சுகூட விடவில்லை. தையல்காரர் இன்னொரு முறை "நட" என்று சொல்ல முடியாது, கயிற்றை இழுக்கவும் முடியாது. அவர் உங்களை ஒரு கணம் பார்க்கிறார், எதுவும் கேட்கவில்லை. குட்டி முன்னங்காலைத் தூக்கிவிட்டது, இன்னும் தரையில் வைக்கவில்லை. உங்களுக்கும் நாய்க்குட்டி என்றால் உயிர். கை உங்களுடையது.