இரண்டாவது ஜோடி

எங்கள் பட்டறையில் மூக்குக்கண்ணாடிகளுக்கான லென்ஸ் வெட்டுகிறார்கள். கடைகள் கேட்கும் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ‘அனுப்பு’ என்பதைத் தட்டுவது என் வேலை. நான் ஒருமுறைதான் தட்டுவேன். சில சமயம் உள்ளே இயந்திரம் இரண்டு ஜோடி வெட்டி வைத்திருக்கும்.

“இன்னொரு ஜோடி வீணாச்சுன்னா நீ வேலைக்கு வர வேணாம்மா” என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். கணவர் கால் முறிந்து படுத்திருக்கிறார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மவுஸைக் கழற்றி மெக்கானிக்கின் அறைக்கு அனுப்பினேன். அவர் தன் மேசையிலேயே தட்டிப் பார்த்துவிட்டு, “மவுஸ் ஜம்முன்னு இருக்கு, தட்டுற கையைப் பாருங்க” என்று திருப்பி அனுப்பினார். கொழுப்பைப் பாருங்கள்!

மவுஸும் நல்லது, என் கையும் நல்லது என்றால், யாரோ வேலை காட்டுகிறார்கள். பக்கத்து மேசை சிரிப்பக்காவைத் தவிர வேறு யார்? எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவாள். தங்கைக்கு வேலை தேடிக்கொண்டிருந்தவள் வேறு. கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். நான் எழுந்தால் போதும், அவள் பார்வை என் திரைக்குப் போகும்.

ஒருநாள் சாப்பிடப் போவதுபோல் போய்ப் பாதியில் திரும்பினேன். அகப்பட்டாள்! என் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“கத்தாதடி. இன்னிக்கும் ஒண்ணு ரெட்டையாப் போயிருக்கு. வெட்டுறதுக்குள்ள நிறுத்திட்டேன். பாக்குறப்பல்லாம் நிறுத்திட்டுத்தான் இருக்கேன்.”

“யார் காதுல பூ சுத்துறீங்க?”

நேரே முதலாளியம்மாவிடம் ஓடினேன். “இவங்கதான் ரெட்டையா அனுப்புறாங்க. என்னைத் துரத்திட்டுத் தங்கச்சியை உட்கார வைக்கத்தான்” என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன். சிரிப்பக்காவின் முகம் சுண்டிப்போனது.

முதலாளியம்மா மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். சிரிப்பக்காவைச் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னார். “இப்ப நீ ஒண்ணு அனுப்பு, பாக்கலாம்.”

அவள்தான் கிட்டேயே இல்லையே என்ற தைரியத்தில் ஒருமுறை தட்டினேன். திரையில் இரண்டு விழுந்தன.

மெக்கானிக் என் கையையே பார்த்தார்.

“ஏம்மா, நீங்க இடது கைக்காரங்களா?”

“பொறந்ததுலேருந்து.”

“அப்போ மவுஸை இடது கையில வெச்சு, செட்டிங்கை மாத்தி, ஆள்காட்டி விரலால வலது பட்டன்லயா தட்டுறீங்க? போச்சு!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “பழைய மவுஸ்ல எல்லாம் இடது பட்டன் சுவிட்ச்தான் தேஞ்சிருக்கும். ஒரு தட்டுக்கு ரெண்டு தட்டாத் துள்ளும். அதைக் கழட்டி வலது பக்கம் வெச்சிட்டு, அங்க இருக்கிற நல்லதை இந்தப் பக்கம் போடுவேன். வலது பட்டனை யாரு பெருசாத் தட்டப்போறாங்கன்னு நெனச்சேன். சோதிக்கிறப்பவும் இடதை மட்டும்தான் தட்டிப் பாத்தேன்.”

முதலாளியம்மா அவரை ஒரு முறை முறைத்தார். “புது சுவிட்ச் போடுங்க” என்றார். என் வேலை தப்பியது. கூட்டமும் கலைந்தது.

“அக்கா...” என்றேன். மானம் போய்விட்டது.

“தங்கச்சிக்கு வேலை கிடைச்சு ரெண்டு மாசமாச்சுடி” என்றாள். “நீதான் ஒருநாளும் கேக்கல.”

இப்போது ஒரு தட்டுக்கு ஒரு ஜோடிதான் போகிறது. நான் எழுந்து போனால் சிரிப்பக்கா என் திரைப் பக்கம் திரும்புவதே இல்லை.