மஞ்சவிளை எண்ணெய்க் கம்பெனியின் உயரம்

2019 ஜூன் பதினான்காம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு மஞ்சவிளை எண்ணெய்க் கம்பெனியின் கட்டடம் தரையிலிருந்து ஒன்பது அங்குலம் எழும்பி அந்தரத்தில் நின்றது. அன்று கொப்பரை கிலோ நூறு ரூபாய். யாருக்கும் அடிபடவில்லை, ஓடு ஒன்றுகூட நழுவவில்லை. மின்வாரிய ஊழியர் அமரவிளையிலிருந்து வந்து வயரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார். பஞ்சாயத்து ஆள் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, மாடி எண்ணிக்கை கூடவில்லை, அதனால் வரியும் உயராது என்று எழுதிக்கொண்டு போனார். கொத்தனார் ஒருவர் வாசலில் ஒரு படி கட்டினார். மழை வந்தபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் கட்டடத்துக்கு அடியில் ஒதுங்கின.

கம்பெனியை நாலு வருஷத்துக்கு முன்னால் அறுபது பேர் சேர்ந்து தொடங்கியிருந்தார்கள். சிலர் ஐயாயிரம், சிலர் ஐம்பதாயிரம் என்று போட்டதில் ஆறு லட்சம் சேர்ந்தது. தலைவி சுகிர்தபாய், நெய்யாற்றின்கரையில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. தினசரி நிர்வாகம் சத்தியராஜ் கையில். கணக்கெழுத காட்டாக்கடையிலிருந்து பிரசீதா தினமும் பஸ்ஸில் வந்தாள். அதுவரை வரவு செலவு மட்டுமே எழுதப்பட்டு வந்தது. அந்த ஜூன் மாதம்தான் அவள் முதன்முதலாக பேலன்ஸ் ஷீட் போட்டாள். கம்பெனிக்கு உள்ளதையெல்லாம் கூட்டி, பிறருக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்தபோது ஒன்பது லட்சம் மிஞ்சியது. அதன் கீழே இரட்டைக் கோடு இழுத்தபோதுதான் கட்டடம் எழும்பியது. அவள் டேப்பை எடுத்து அளந்தாள். ஆடி மாதம் ஒரு மோட்டார் எரிந்து ஐம்பதாயிரம் நஷ்டமானதும் கட்டடம் அரை அங்குலம் தாழ்ந்தது. ஓண விற்பனையின் லாபத்தில் அந்த அரை அங்குலம் திரும்ப வந்தது. ஒரு லட்சத்துக்கு ஓர் அங்குலம் என்று அவள் நோட்டின் உள்அட்டையில் எழுதி வைத்தாள்.

சத்தியராஜுக்கு இதில் பெரிய உற்சாகம். டிசம்பரில் வங்கியில் இருபது லட்சம் கடன் வாங்கிப் புது மெஷின் இறக்கியபோது, கட்டடம் இருபது அங்குலம் எழும்பும் என்று ஊரெல்லாம் சொல்லி, நூறு பேருக்குச் சாயா ஏற்பாடு செய்தார். மெஷின் உள்ளே போனது. கட்டடம் அசையவில்லை. சாயா ஆறிப்போனது. பிரசீதா ரொம்பப் பணிவாகத்தான் சொன்னாள்: "மெஷினும் வந்தது, கடனும் கூட வந்தது சார். கழிச்சா பழைய மிச்சம்தான் உண்டு."

மூன்றாம் மாதம் ஊரடங்கு வந்தது. ஒழுகும் குடோனில் கொப்பரை நனைந்து பூசணம் பிடித்தது, வட்டி ஏறியது, வாங்கிய தேங்காய்க்கு விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. கட்டடம் மாதத்துக்கு ஓர் அங்குலமாக இறங்கி, அந்த வருஷக் கடைசியில் தரையைத் தொட்டது. தொட்டபிறகும் நிற்கவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் பதினோரு அங்குலம் மண்ணுக்குள் இருந்தது. ஊழியர்கள் உள்ளே இறங்கிப் போய், வேலை முடிந்து மேலே ஏறி வந்தார்கள். மழைத் தண்ணீரை வாளியில் கோரி வெளியே ஊற்றினார்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பி ஆட்டோ ஓட்டும் ஷைஜு அப்போதுதான் வந்து, தான் பங்காகப் போட்டிருந்த ஐம்பதாயிரத்தைத் திருப்பிக் கேட்டான். மகள் அஸ்வதிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

"எனக்க காசாக்கும் சிஸ்டர்," என்றான்.

"கடன் தந்தவங்களுக்கெல்லாம் குடுத்தபெறவு மிஞ்சுகதுதான் நமக்க பங்கு. இப்பம் ஒண்ணும் மிஞ்சல்ல மக்கா," என்றார் சுகிர்தபாய். அவன் கிளம்பாமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான். அவர் வீட்டுக்குப் போய்த் தன் ஓய்வுப் பணத்திலிருந்து செக் எழுதி, அவன் பங்குகளைத் தன் பேருக்கு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பங்குகளின் பெறுமதி பூஜ்யத்துக்கும் கீழே என்று பிரசீதா சொன்னாள். தெரியும் என்றார். பங்கு கைமாறியபோது கட்டடம் கொஞ்சமாவது எழும்பும் என்று சிலர் பார்த்து நின்றார்கள். கம்பெனிக்குள் ஒரு காசும் வராததால் அது எழும்பவில்லை. ஆனால் அஸ்வதி கல்லூரியில் சேர்ந்தாள்.

கடனைப் புதுப்பிக்க வங்கி அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் சத்தியராஜ் ஒரு காரியம் செய்தார். ஜேசிபி வைத்துக் கட்டடத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி எடுத்தார். வாசல் இப்போது தரைக்கு மேலே தெரிந்தது. அதிகாரி அனுபவமுள்ள மனிதர். தரையிலிருந்து அளக்காமல் ரோட்டு மட்டத்திலிருந்து அளந்தார். பதினொன்றேகால் அங்குலம் பள்ளம் என்று எழுதி, ஆறு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கால் அங்குலம், ஜேசிபிக்கும் லாரிக்கும் கொடுத்த இருபத்தையாயிரம். சத்தியராஜ் ராஜினாமாக் கடிதத்தோடு சுகிர்தபாயின் முன்னால் நின்றார். தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, முதலில் அதை வடிய விடும் என்று சொல்லி, சிஸ்டர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இனிக் கம்பெனிக்குக் கடன் தரவோ பங்கு வாங்கவோ யாரும் இல்லை. பாக்கிப் பட்டியலை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்த பிரசீதாதான் அந்த வழியைக் கண்டாள். நாற்பது விவசாயிகளுக்குப் பதினாறு லட்சம் தர வேண்டியிருந்தது. அவர்கள் பாக்கிக்குப் பதில் பங்கு வாங்கிக்கொண்டால் கடன் அவ்வளவும் குறையும், மிச்சம் அவ்வளவும் கூடும். கேட்பதற்குத்தான் யாருக்கும் நா எழவில்லை. சுகிர்தபாய் நாற்பது வீட்டுக்கும் நடந்தே போனார். சில வீடுகளில் நாற்காலி போட்டார்கள், சில வீடுகளில் போடவில்லை.

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட பிறகு, எல்லோரும் அந்தப் பள்ளத்துக் கட்டடத்தில் கூடினார்கள். யாரும் முதலில் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. எல்லோரும் பார்த்தது சிவதாணுவை. அவருக்குத்தான் பாக்கி அதிகம், இரண்டு லட்சம். சட்டைப்பையில் வக்கீல் நோட்டீஸ் எழுதித் தயாராக வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சுவரின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்பம் நான் கேட்டா எனக்க ரெண்டு லெட்சத்த மட்டும்தான் கேக்க முடியும். பங்குக்காரனானா, கொப்பரைய ஏன் நனைய விட்டீருன்னும் கேக்கலாமா?"

"கேக்கலாம். நாங்க பதில் சொல்லியே ஆகணும்," என்றார் சுகிர்தபாய். "ஆனா அண்ணே, கம்பெனி போச்சுன்னா உங்க ரூவாயும் கூடப் போவும். அதையும் சொல்லணுமில்லியா."

"அது தெரியும். பேனாவ இங்க தாரும்."

அவர் கையெழுத்துப் போட்டதும் கட்டடம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. படகு கரையை விட்டு நகர்வது போலத்தான் இருந்தது என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு மற்றவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். இருபத்துமூன்றாவது ஆள் போட்டபோது வாசல் ரோட்டு மட்டத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டு விஜயம்மாவின் ஆடு நேராக உள்ளே நடந்து வந்தது, யாரும் விரட்டவில்லை. நாற்பதாவது கையெழுத்தில் கட்டடம் நாலே முக்கால் அங்குலம் மேலே நின்றது. சத்தியராஜ் மூலையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு ரூபாய்கூடப் புதிதாக வரவில்லை என்பதை பிரசீதா அன்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே சிவதாணு குடோனுக்குள் புகுந்து கொப்பரை ஏன் நனைந்தது என்று கேட்டார், அதற்கடுத்த வாரமும் கேட்டார். குடோனுக்குப் புது ஓடு வந்தது. தேங்காய் கொடுத்தவர்கள் பங்குக்காரர்களும் ஆனதால் அழுகல் தேங்காய் வருவது நின்றது. 2024-இல் ஆதாயம் பங்கிடலாம் என்று சத்தம் எழுந்தபோது கட்டடம் பதினெட்டு அங்குலத்தில் இருந்தது. முதலில் போட்ட ஆறு, பாக்கிக்குப் பதிலான பதினாறு, ஆக இருபத்திரண்டு வரைக்கும் நாம் போட்டதுதான், அதைத் தாண்டினால்தான் லாபம் என்று பிரசீதா தடுத்துவிட்டாள். 2025-இல் தேங்காய் விலை யாரும் காணாத உயரத்துக்குப் போனது, கட்டடமும் இருபத்தைந்துக்குப் போனது. இரண்டு அங்குலம் பங்கிடலாம் என்று சத்தியராஜ் முன்மொழிந்தார். ஒன்று போதும், ஒன்று வரும் மழைக்காலத்துக்கு இருக்கட்டும் என்றார் சிவதாணு. கை தூக்கினார்கள், அது நிறைவேறியது. ஆவணியில் பணம் கணக்குகளில் ஏறிய அன்று காலை கட்டடம் சத்தமில்லாமல் ஓர் அங்குலம் இறங்கியது. சிவதாணுவுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. அதில் மனைவி அம்மிணிக்குக் கண் கண்ணாடி வாங்கினார். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்த அம்மிணி, கட்டடத்துக்கு அடியில் குப்பை கிடக்கிறது, பெருக்க ஆள் வைக்கக் கூடாதா என்று கேட்டாள். மறுநாள் ஆள் வைத்தார்கள்.