நாற்பது உருப்படி

விடிவதற்குள் களிமண்ணை மிதித்து முடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் செங்கல் சூளையின் சட்டம். முழங்கால் வரை ஜில்லிட்ட சேற்றில் பத்துப் பேர் இறங்கி மிதிப்பார்கள். அச்சுக்காரர்கள் குந்தி உட்கார்ந்து கல் அறுப்பார்கள். பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, பலகையில் பன்னிரண்டு கல் அடுக்கிக்கொண்டு சூளைக்கு நடப்பார்கள். அவர்களில் யாராவது நின்று மூச்சு வாங்கினால் "என்ன வேடிக்கை?" என்று கத்துவதற்கு ஒருவன் வேண்டுமே, அந்தப் புண்ணியவான் நான்தான். மேஸ்திரி.

வெளிச்சம் வந்ததும் முதலாளி தன் அறை ஜன்னலைத் திறப்பார்.

"எத்தனை?"

"நாப்பது உருப்படிங்கய்யா."

அந்த வார்த்தையை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முன்னாலிருந்த மேஸ்திரி விட்டுப்போனது. வெளியே சலவைக்குப் போடும் துணியை அப்படி எண்ணுவார்கள். இங்கே ஆட்களை எண்ணினோம். முதலாளியின் நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. நாற்பதில் என்னை நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. அதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

ஆனால் அண்ணி அந்த நாற்பதில் ஒருத்தி. அண்ணன் காய்ச்சலில் போனபிறகு கல் சுமந்து என்னைப் படிக்க வைத்தவள். அந்தப் படிப்புதான் எனக்கு மேஸ்திரி வேலையை வாங்கித் தந்தது. அந்த வேலைதான் அவளை அதட்டும் உரிமையையும் தந்தது.

அன்று காலை இரண்டு நடை போய்வந்தவள் பலகையைத் தலையிலிருந்து இறக்காமலே என்னிடம் வந்தாள்.

"தம்பி, வடக்குப் பக்கத்து அடுக்கு சாயுது. ஒரு முட்டு குடுக்கச் சொல்லேன்."

எல்லோர் முன்னாலும் தம்பி என்றது எனக்குச் சுருக்கென்றது.

"வேலை நேரத்துல உறவு கொண்டாடாதே. போ, போய்த் தூக்கு."

போனாள். அடுத்த நடையில் அடுக்கு சரிந்தது.

புழுதி அடங்குமுன் ஓடி, கற்களைப் பொறுக்கி எறிந்து அவளை வெளியே இழுத்தோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே பார்க்கச் சகிக்கவில்லை. என் கையில்தான் தலை சாய்த்திருந்தாள். ஜன்னல் திறந்தது.

"என்ன சேதம்?"

"கல்லு ஒரு முந்நூறு இருக்கும்யா. உருப்படி ஒண்ணுதான்."

பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அண்ணிக்கு நினைவு இருந்தது, காது கேட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பக்கத்துத் தெரு கம்பவுண்டர் வந்து கட்டை வைத்துக் கட்டினார். "ரெண்டு நாளுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இல்லேன்னா கால் தங்காது."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க அடையாள அட்டை வேண்டும். எங்கள் அத்தனை பேர் அட்டையும் முதலாளியின் இரும்பு அலமாரியில் இருந்தது. சேர்ந்த அன்றே "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்வார். அட்டை இல்லாதவனுக்கு வெளியே யாரும் வேலை தரமாட்டார்கள். அதனால் யாரும் ஓடியதில்லை.

முதலாளி முன்னால் போய் நின்றேன். ஒரு தாளை நீட்டினார்.

"நீயும் கையெழுத்துப் போடு, அதுவும் கைநாட்டு வைக்கட்டும். உடனே அட்டையை எடுத்துக்க."

படித்தேன். இந்தப் பெண் இங்கே வேலை செய்பவர் அல்ல, உறவினரைப் பார்க்க வந்த விருந்தாளி என்று இருந்தது.

"அய்யா, பதினாலு வருஷமா கல்லு சுமக்குறாங்க."

"இனிமே சுமக்குமா? உடைஞ்சதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொட்டகையில அது இடமும் காலியாகணும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நாங்கள் தங்கியிருந்த கொட்டகையில் தாளை வாசித்துக் காட்டினேன். மூத்த அச்சுக்காரர் கெக்கெக்கென்று சிரித்தார்.

"எங்க பாட்டனை அடிமைன்னு சொல்லி வித்தாங்க. அப்பன் பண்ணையாள். நான் உருப்படி. இப்போ விருந்தாளியாம்! தலைமுறைக்கு ஒரு பதவி உயர்வு போ!"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டைக்குரல் என்று நாங்கள் கூப்பிடும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணிக்குப் பக்கத்தில் கல் சுமப்பவள்.

"பாட்டன் காலத்துல அந்த வார்த்தைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். இப்போ பேரை மாத்தி மாத்தி வச்சு நமக்கே மறக்கடிச்சுட்டாங்க. வேணாம்னு சொல்ல முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது. அதுக்குப் பேரு என்ன மேஸ்திரி? நீதான் படிச்சவன்."

"அடிமைதான்" என்றேன்.

"இங்க எத்தனை பேரு?"

"நாப்பது."

"படிச்சு என்ன பிரயோசனம்? எண்ணத் தெரியலையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழுந்து அண்ணியின் பாயருகே போனேன். வியர்த்துக் கிடந்தாள்.

"போட்டுடுறேன் அண்ணி. முதல்ல கால் பிழைக்கட்டும்."

"போடாதே. நான் இங்க இல்லவே இல்லைன்னு எழுதிட்டா, இத்தனை வருஷம் சுமந்தது யாரு?"

"காலையில நீங்க சொன்னப்பவே நான் முட்டு குடுத்திருந்தா…" அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தலையை வைத்து அழுதேன்.

"அழுது என் கால் ஒட்டப்போகுதா?" வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்குக் காலையில அந்த ஆள் ஜன்னலைத் திறந்து கேப்பானே, என்ன சொல்லப் போறே?"

கட்டைக்குரல் திரும்பிப் பார்த்தாள். சூளைக்கு நெருப்புப் பார்ப்பவர் எழுந்து வந்தார். சாயங்காலம்வரை கூடிக் கூடிப் பேசினோம்.

மறுநாள் விடிந்தபோது சேற்றில் ஒரு கால்கூட இறங்கவில்லை. கல் சுமக்கும் பலகைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, அண்ணியை அதில் படுக்கவைத்துத் தூக்கிவந்து சூளைக்கு எதிரே இறக்கினார்கள். சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் ஜன்னலுக்கு நேராக, வழக்கமான இடத்தில் நின்றேன்.

"எத்தனை?"

திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை எண்ணினேன்.

"கேக்குறேன்ல?"

"உருப்படி ஒண்ணுமில்லைங்கய்யா. நாப்பத்தொரு பேர் இருக்கோம்."

"தூக்கம் தெளியலையா? நாப்பதுல ஒண்ணு போச்சு. முப்பத்தொன்பது."

"எங்க அண்ணியையும் சேர்த்துச் சொல்றேன். என்னையும் சேர்த்து."

ஜன்னலில் முகம் முன்னால் வந்தது. சொல்லவேண்டியதை மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

"அலமாரியத் திறங்க. எல்லார் அட்டையும் வெளியே வரட்டும். இங்க வேலை செஞ்சுதான் அடிபட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரட்டும். அதுக்கப்புறம்தான் மண்ணு மிதிப்போம்."

"நெருப்பு அணைஞ்சா உள்ள இருக்கிற கல்லு அத்தனையும் பாழாப் போகும்டா! நேத்துவரைக்கும் என் சோத்தைத் தின்னுட்டு…"

நெருப்புப் பார்ப்பவர் கையிலிருந்த, தணல் கிளறும் இரும்புக் கம்பியைத் தரையில் போட்டார். அந்தச் சத்தத்தில் முதலாளி பேச்சை நிறுத்தினார். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே போனில் யாரையோ கத்திக் கூப்பிட்டார். யார் வருவார்கள், வண்டியா, அடியாட்களா என்று எங்களுக்குத் தெரியாது. சூளையின் புகை மெல்ல இளைக்கத் தொடங்கியிருந்தது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர்கள் நடுவே போய் உட்கார எனக்கு என்ன யோக்கியதை?

கட்டைக்குரல் அண்ணியின் பலகையை ஒட்டி ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டாள்.

"நாப்பத்தொண்ணுன்னு நீதானே சொன்னே? வந்து உக்காரு, எண்ணிக்கை குறையுது."

உட்கார்ந்தேன். அண்ணி கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.